மனைவியின் கருக்கலைப்புக்குக் கணவர் கையெழுத்து வேண்டுமா?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 34, கோவையில் மென்பொருள் வேலை. நான் ஒரு லிபர்டேரியன். ஒருவனுடைய உடலும் உழைப்பும் சொத்தும் அவனுக்கே சொந்தம், அடுத்தவருக்குத் தீங்கு செய்யாதவரை அரசோ ஊரோ உறவோ அதில் தலையிடக் கூடாது என்று நம்புகிறவன். ஆதார், ஜிஎஸ்டி, மதுவிலக்கு என எந்தப் பேச்சு வந்தாலும் நண்பர்களோடு இதை வைத்துத்தான் மல்லுக்கு நிற்பேன். இப்போது என் மனைவிக்கு எட்டாவது வாரம். மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். காண்டம் பயன்படுத்தியும் உண்டாகிவிட்டது. அவள் வேண்டாம் என்கிறாள். முதல் பிரசவத்துக்குப் பிறகு மனதளவில் அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு இந்தக் குழந்தை வேண்டும். மருத்துவமனையில் கணவர் கையெழுத்து இல்லாமல் செய்ய மாட்டோம் என்று ஒரு ஃபாரம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அது என் லேப்டாப் பையிலேயே கிடக்கிறது. என் கையெழுத்து சட்டப்படி தேவையா? போடாவிட்டால் இதைத் தடுக்க முடியுமா? கோர்ட்டில் தடை வாங்கலாமா? தனிமனித உரிமை என்று பேசுகிறேனே, வயிற்றில் இருப்பதும் ஒரு தனி உயிர்தானே, அதன் உரிமை எங்கே போயிற்று? பிறந்தால் செலவு என் தலையில், பிறக்கக் கூடாது என்று முடிவெடுக்கும்போது மட்டும் நான் யாரோவா? கடைசியாக, என் அம்மாவிடம் இதைச் சொல்லலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

வழக்கறிஞர் பதில்:

தம்பி, முதலில் அந்த ஃபாரம். மற்ற கேள்விகள் காத்திருக்கும், அது காத்திருக்காது.

உங்கள் கையெழுத்து தேவையில்லை. 1971ஆம் ஆண்டு வந்த கருக்கலைப்புச் சட்டத்தின், அதாவது எல்லோரும் எம்டிபி ஆக்ட் என்று சொல்லும் சட்டத்தின், மூன்றாவது பிரிவு யாருடைய சம்மதம் வேண்டும் என்பதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறது. பதினெட்டு வயது நிரம்பிய, மனநோய் இல்லாத பெண் என்றால் அவருடைய சம்மதம். அவ்வளவுதான். சட்டம் தரும் சம்மதப் படிவத்துக்குப் படிவம் 'சி' என்று பெயர். எங்காவது கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். நாலைந்து வரிதான் இருக்கும். அதில் கணவர் தலைகாட்டுவது ஒரே இடத்தில், 'இன்னாரின் மகள் அல்லது மனைவி' என்று அடையாளம் சொல்லும் இடத்தில் மட்டும். அதற்குக் கீழே காப்பாளர் கையெழுத்துக்கு ஓர் இடம் உண்டு. அது மைனர் பெண்களுக்கும் மனநோய் உள்ளவர்களுக்கும். உங்கள் மனைவி இரண்டிலும் சேர மாட்டார்.

அப்படியானால் உங்கள் பையில் இருப்பது என்ன? ஆஸ்பத்திரி தன் பாதுகாப்புக்குத் தானே அடித்து வைத்துக்கொண்ட காகிதம். நாளைக்கு ஒரு கணவர் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து ரிசப்ஷனில் சத்தம் போட்டால் எடுத்துக் காட்டலாம் என்ற கணக்கு. சத்தம் போட வருபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், அதனால் அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் சட்டம் கேட்காத நிபந்தனையைச் சட்டம் போலக் காட்டுவது தவறு. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைப் பெயர் சொல்லியே கண்டித்தது. குடும்பத்தின் சம்மதம் கொண்டு வா, சான்று கொண்டு வா, கோர்ட் உத்தரவு கொண்டு வா என்று டாக்டர்கள் கேட்பதற்குச் சட்டத்தில் அடிப்படையே இல்லை என்று சொன்னது. திருமணமாகாத 25 வயதுப் பெண் ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நிவாரணம் கிடைக்காமல் மேலே போன வழக்கு அது.

தடை வாங்கலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிட்டது. சம்மதம் கேட்கப்படாத ஒருவருக்குத் தடுக்கும் உரிமை எங்கிருந்து வரும்? கலைத்த பிறகு நஷ்டஈடு கேட்டுப் போனவர் ஒருவர் உண்டு. பஞ்சாப், ஹரியானா பக்கத்து வழக்கு. தன் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைத்துவிட்டார்கள் என்று மனைவி, அவர் வீட்டார், டாக்டர்கள் எல்லோர் மேலும் கணவர் வழக்குப் போட்டார். 2011இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கச்சாப் பொருளைப் போட்டால் சரக்காகத் திருப்பித் தர பெண் ஒன்றும் இயந்திரம் இல்லை என்று நீதிபதி அதில் எழுதினார். கணவர் உச்ச நீதிமன்றம் போனார், 2017 அக்டோபரில் அங்கேயும் தோற்றார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2007இல் சமர் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம், விவாகரத்துக்குக் காரணமாகும் மனரீதியான கொடுமை எதுவெல்லாம் என்று உதாரணங்களாக ஒரு பட்டியல் போட்டது. மருத்துவக் காரணம் இல்லாமல், கணவருக்குத் தெரியாமலோ அவர் சம்மதம் இல்லாமலோ மனைவி கருவைக் கலைப்பதும் அதில் இருக்கிறது. மனைவிக்குச் சொல்லாமல் கணவர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்வதும் இருக்கிறது. உங்கள் நிலைமைக்கு இது பொருந்துமா என்று கேட்டால், முதல் பிரசவத்துக்குப் பிறகு அவர் மனநிலை எப்படி இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கும்போது எந்த நீதிபதியும் யோசிப்பார். இதை இங்கே கொண்டு வருவதற்குக் காரணம் வேறு. உங்கள் கொள்கைப்படி யோசித்துப் பாருங்கள். இரண்டு சுதந்திர மனிதர்கள் மனமொத்துச் சேர்கிறார்கள், ஒத்துவரவில்லை என்றால் விலகலாம். விலகும் உரிமையைச் சட்டம் உங்களுக்கு ஓரளவு வைத்திருக்கிறது. இன்னொருவரின் கர்ப்பப்பை விஷயத்தில் ஆணையிடும் உரிமையைத்தான் தரவில்லை. ஜிஎஸ்டிக்கு எதிராக மல்லுக்கு நிற்கும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் புரியாமல் போகாது.

சரி, இப்போது நீங்கள் உண்மையிலேயே கேட்க வந்த கேள்விக்கு வருகிறேன். வயிற்றில் இருப்பதும் தனி உயிர்தானே?

இதில் உங்கள் ஆட்களே ஒரே கட்சியில் இல்லை. அமெரிக்க லிபர்டேரியன்களின் ஆசான்களில் ஒருவரான முர்ரே ராத்பார்ட், கரு முழு மனிதன் என்றே வைத்துக்கொண்டாலும் இன்னொருவரின் உடலுக்குள் அவர் விருப்பமின்றித் தங்கியிருக்க எந்த மனிதனுக்கும் உரிமை கிடையாது என்று வாதிட்டார். இதற்கு நேர் எதிரே நிற்பவர் ரான் பால். 1988இல் லிபர்டேரியன் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராகவே நின்றவர், தொழிலால் மகப்பேறு மருத்துவர். உயிர் கருவிலேயே தொடங்கிவிடுகிறது, அதைப் பாதுகாக்காமல் என்ன சுதந்திரம் என்பது அவர் வாதம். கரு தானாக வந்து குடியேறவில்லை, பெற்றோர்தான் அதை அங்கே கொண்டு வந்தார்கள், கொண்டு வந்தவர்களுக்குக் கடமை உண்டு என்று வாதிடும் லிபர்டேரியன் குழுக்களும் அங்கே உண்டு. லிபர்டேரியன் கட்சியோ பல காலமாக நடுவில் நின்றது. நல்லெண்ணம் உள்ளவர்கள் இரு பக்கமும் இருக்கலாம், ஆகவே அரசு ஒதுங்கிக்கொண்டு அவரவர் மனசாட்சிக்கு விடட்டும் என்று தன் கொள்கை அறிக்கையில் வைத்திருந்தது. 2022 மே மாதம் நெவாடாவில் கூடிய மாநாட்டில் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் 24ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை நாடு முழுவதற்கும் உரிமையாக்கியிருந்த 1973இன் ரோ தீர்ப்பை ரத்து செய்து, முடிவை மாநிலங்களிடம் கொடுத்துவிட்டது. கருத்துச் சொல்ல அதைவிடப் பொருத்தமான நேரம் இருந்திருக்காது. கட்சியின் கொள்கை அறிக்கையிலோ அப்போது அந்த வரியே இல்லை.

என் கருத்தைக் கேட்டீர்கள் என்றால், 'கரு மனிதனா' என்ற கேள்வியில் நீங்கள் ஜெயித்தாலும் வழக்கில் தோற்பீர்கள். 1978இல் பிட்ஸ்பர்க்கில் ஒரு வழக்கு நடந்தது. எலும்பு மஜ்ஜை கிடைக்காவிட்டால் இறந்துவிடுவார் என்ற நிலையில் ஒரு நோயாளி. பொருந்தும் மஜ்ஜை அவருடைய உறவினர் ஒருவருக்கு இருந்தது. பரிசோதனைக்கு வந்த அந்த உறவினர் பாதியில் பின்வாங்கிவிட்டார். நோயாளி கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி, மறுப்பது தார்மிகமாக நியாயப்படுத்த முடியாத செயல் என்றே சொன்னார். சொல்லிவிட்டு, ஆனால் ஒருவர் உடலை இன்னொருவர் உயிருக்காகப் பயன்படுத்தும்படி சட்டம் கட்டாயப்படுத்த முடியாது என்று மனுவை நிராகரித்தார். நோயாளி சீக்கிரமே இறந்துபோனார். அந்த நோயாளி மனிதரா என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. உறவினர்தானே, பெற்றவர்கள் வேறு என்பீர்கள். நம் நாட்டில் பெற்ற தகப்பனிடமிருந்தும் அவன் சம்மதம் இல்லாமல் ஒரு சிறுநீரகத்தை எடுக்க முடியாது. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் தானம் தருபவரின் சம்மதத்தின் மேல்தான் நிற்கிறது. உங்கள் மகளுக்கே தேவைப்பட்டாலும் உங்களைக் கட்டிப்போட்டு எடுக்க முடியாது. நீங்கள் கொடுப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும், அது வேறு.

இதற்கு உங்கள் தரப்பில் ஒரு நல்ல பதில் உண்டு, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். கொடுக்க மறுப்பது வேறு, கொல்வது வேறு. வால்டர் பிளாக் என்ற லிபர்டேரியன் பொருளாதாரப் பேராசிரியர் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நடுவழி சொன்னார். தன் உடலிலிருந்து வெளியேற்றத் தாய்க்கு உரிமை உண்டு, கொல்ல உரிமை இல்லை. வெளியே எடுத்தால் பிழைக்கும் என்ற கட்டத்தில் எடுக்கலாம், உயிரைப் பறிக்கக் கூடாது. படிக்கும்போது வெறும் ஏட்டுத் தத்துவமாகத் தெரியும். ஆனால் 2023 அக்டோபரில் இதே கேள்வி டெல்லியில் நிஜமாக வந்து நின்றது. இரண்டு குழந்தைகளுக்குத் தாயான 27 வயதுப் பெண். பிரசவத்துக்குப் பிறகு வந்த மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வரவில்லை, மறுபடி உண்டானதே தெரியவில்லை. தெரிந்தபோது மாதம் ஏறிவிட்டது. உச்ச நீதிமன்றம் முதலில் அனுமதி கொடுத்தது. எய்ம்ஸ் டாக்டர் ஒருவர், இந்தக் குழந்தை பிழைக்க வாய்ப்பு இருக்கிறது, இதயத்துடிப்பை நிறுத்திவிட்டு எடுப்பதா, உயிரோடு எடுப்பதா என்று கேட்டு எழுதினார். இரண்டு நீதிபதிகளும் இரண்டு வழியில் போனார்கள். கடைசியில் மூன்று பேர் அமர்வு 16ஆம் தேதி அனுமதியை மறுத்தது. 26 வாரம் தாண்டிவிட்டது, தாய் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, கருவிலும் குறை இல்லை, இதயத்தை நிறுத்தச் சொல்ல எங்களால் முடியாது என்றது. பிரசவச் செலவை அரசு ஏற்கும், குழந்தையைத் தத்துக் கொடுப்பதா என்பதைப் பெற்றோர் முடிவு செய்யலாம் என்றும் சொன்னது.

அந்தத் தீர்ப்பில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் அங்கே ஒரு நிஜமான தர்மசங்கடம் இருந்தது. எட்டாவது வாரத்தில் அது கிடையாது. வெளியே எடுத்துப் பிழைக்க வைக்கும் வழியே இல்லாத கட்டத்தில், உள்ளே வைத்திருக்கச் சொல்வது என்றால் ஒரு பெண்ணின் உடலை இன்னும் ஏழு மாதத்துக்கு அவர் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்து வைப்பது மட்டும்தான். அதை யாருடைய அதிகாரத்தால் செய்வீர்கள்? போலீசாலா, கோர்ட்டாலா? அரசே வேண்டாம் என்கிறவர் இந்த ஒரு வேலைக்கு மட்டும் அரசைக் கூப்பிடுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உண்மையில் உங்களைப் போன்றவர்கள் கோபப்பட வேண்டிய இடம் இந்தச் சட்டத்தில் வேறொன்று இருக்கிறது. நம் சட்டம் பெண்ணின் உரிமையிலிருந்து பிறந்தது இல்லை. கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கலாமா என்று ஆராய 1964இல் அமைத்த சாந்திலால் ஷா கமிட்டிக்கு முன்னால் இருந்த பெரிய கவலை, கள்ளத்தனமாகக் கலைக்கப் போய்ச் செத்துக்கொண்டிருந்த பெண்கள். மக்கள்தொகைக் கவலையும் அந்தக் காலத்தில் சேர்ந்தே ஓடிக்கொண்டிருந்தது. அடிப்படையில் கருக்கலைப்பு இன்றைக்கும் குற்றம்தான். பழைய தண்டனைச் சட்டத்தில் 312ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 88ஆவது பிரிவு. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளி. எம்டிபி சட்டம் அந்தக் குற்றத்திலிருந்து டாக்டருக்கு ஒரு விதிவிலக்கு வாங்கிக் கொடுக்கிறது. இருபது வாரம் வரை ஒரு டாக்டர், இருபதிலிருந்து இருபத்துநாலு வரை குறிப்பிட்ட சில நிலைமைகளில் உள்ள பெண்களுக்கு மட்டும் இரண்டு டாக்டர்கள் நல்லெண்ணத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் மனைவி 'எனக்கு வேண்டாம்' என்று சொன்னால் மட்டும் போதாது, ஏன் வேண்டாம் என்பது சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றுக்குள் அடங்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது சுலபம். கருத்தடைச் சாதனம் தவறியதால் உண்டான கர்ப்பம், மனநலத்துக்குக் கடுமையான பாதிப்பு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். 2021 திருத்தத்துக்கு முன்னால் இந்தச் சலுகை 'திருமணமான பெண்ணுக்கும் அவர் கணவருக்கும்' என்று இருந்தது. இப்போது 'பெண்ணுக்கும் அவர் துணைக்கும்' என்று ஆகியிருக்கிறது.

கோர்ட்டுகள்தான் இதை மெதுவாகச் சுதந்திரத்தின் பக்கம் இழுத்து வந்தன. 2009இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கு. சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த, அறிவு வளர்ச்சி குறைந்த, யாருமற்ற ஒரு பெண். அங்கேயே பாலியல் பலாத்காரத்துக்கு ஆளாகிக் கர்ப்பமானார். கலைத்துவிடலாம் என்று நிர்வாகம் கோர்ட்டுக்குப் போனது. அந்தப் பெண்ணோ குழந்தை வேண்டும் என்றார். உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பெற்றுக்கொள்வதும் பெறாமல் இருப்பதும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் தனிமனிதச் சுதந்திரத்தின் பகுதி என்று சொன்னது அந்தத் தீர்ப்புதான். கலைக்கும் உரிமைக்கு இன்று எல்லோரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு, கலைக்க மறுத்த ஒரு பெண்ணுக்காக எழுதப்பட்டது. என் அலுவலகத்துக்கு வருவதிலும் இந்த வகைதான் அதிகம். 'ரெண்டாவதும் பொண்ணா இருந்தா வேண்டாம்னு மாமியார் சொல்றாங்க' என்று வருகிறவர்கள். உங்கள் கையெழுத்துக்குச் சட்டம் மதிப்புக் கொடுத்திருந்தால், அந்த மாமியார் வீடுகளில் அதே கையெழுத்து எதற்குப் பயன்படும் என்று யோசியுங்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தில் நான் உங்கள் கட்சி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்ற 1994ஆம் ஆண்டுச் சட்டம் தனிமனிதச் சுதந்திரத்தில் தலையீடுதான். தகவலையே தடை செய்கிறது. லிபர்டேரியன்களுக்கு அது உறுத்தும். உசிலம்பட்டியின் பெண் சிசுக்கொலைகளையும், 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் தொடங்கியது என்பதையும் அறிந்த யாரும் அந்தத் தடையை எடுக்கச் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

செலவு என் தலையில், முடிவு அவள் கையிலா என்று கேட்டிருந்தீர்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஜீவனாம்சம் என்பது பிறந்துவிட்ட குழந்தையின் உரிமை. மனைவிக்கு நீங்கள் கொடுக்கும் விலை இல்லை அது. அம்மா சம்பாதித்தால் அவர் பங்கையும் கோர்ட் கணக்கில் எடுக்கும். உங்களிடமிருந்து சட்டம் கேட்பது பணம். அவரிடம் கேட்பது உடல். வருமான வரியையே வழிப்பறி என்று சொல்லும் உங்களுக்கு இரண்டில் எது பெரிய பறிமுதல் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இனி அந்தக் காகிதத்தை என்ன செய்வது? கையெழுத்துப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். 'அனுமதி கொடுக்க நான் யார்' என்று கொள்கைக்காகப் போடாமல் இருந்தாலும், மனசில்லாமல் போடாமல் இருந்தாலும், விளைவு ஒன்றுதான். நாள் ஓடும். ஒன்பது வாரம் வரைதான் மாத்திரையால் கலைக்க விதிகள் இடம் தருகின்றன. அதற்குப் பிறகு உறிஞ்சி எடுக்கும் முறைக்குப் போக வேண்டியிருக்கும். உங்கள் தத்துவச் சிக்கலுக்கு அவர் உடம்பு விலை கொடுக்க வேண்டாம். போட மனசே வரவில்லை என்றால் மனைவியோடு போய் உட்கார்ந்து, படிவம் 'சி' மட்டும் போதுமே என்று டாக்டரிடம் கேளுங்கள், 2022 தீர்ப்பைச் சொல்லுங்கள். அப்போதும் அடம்பிடித்தால் அரசு மருத்துவமனை இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் வேலை மட்டும் வேண்டாம். ஸ்கேன் பார்க்காமல் போட்டு, கரு குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து.

குழந்தை வேண்டும் என்ற உங்கள் ஆசையை மனைவியிடம் சொன்னீர்களா என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. சொல்லுங்கள். ஒரு முறை, அழுத்தம் கொடுக்காமல். ஆசையைச் சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு, அதைக் கேட்ட பிறகும் அவர் வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் உண்டு.

அம்மா விஷயம். ஆஸ்பத்திரியில் இதற்கான அட்மிஷன் ரிஜிஸ்டர் சட்டப்படி ரகசிய ஆவணம். மற்ற கேஸ் ஷீட்டுகளில் பெண்ணின் பெயரைக்கூட எழுதக் கூடாது, ரிஜிஸ்டரில் உள்ள வரிசை எண்ணைத்தான் போட வேண்டும். டாக்டர் வெளியே சொன்னால் எம்டிபி சட்டத்தின் 5ஏ பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறை. அந்தப் பிரிவு கணவரைப் பற்றிப் பேசவில்லை, ஆகவே நீங்கள் அம்மாவிடம் சொன்னால் எந்த வழக்கும் வராது. சொல்லலாமா என்று என்னிடம் கேட்டதற்குப் பதில் உங்கள் மனைவியிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.